உழைக்கும் கைகளும் சட்டத்தின் ஏடுகளும்

யூபிலி என்றவுடன் கொடியேற்றமும், தேர்ப்பவனியும், மலர் வெளியீடும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இச்சொல் பிறந்த இடத்தைத் தேடிச் சென்றால் லேவியர் ஆகமத்தின் 25ஆம் அதிகாரத்தில் போய் நிற்போம். வறுமையினால் தன்னையே விற்றுக்கொண்டவன் ஐம்பதாம் ஆண்டில் தன் பிள்ளைகளோடு விடுதலை பெற்றுத் தன் குடும்பத்திற்குத் திரும்ப வேண்டும் என்று அங்கே விதிக்கப்பட்டுள்ளது. ஆக, யூபிலி என்பதே ஒருவகையில் உழைப்பவனைப் பற்றிய சட்டம்தான்.

நம் கோவிலின் வரலாறும், பங்குத் தந்தையரின் பணிகளும் இம்மலரின் வேறு பக்கங்களில் இடம்பெற்றுள்ளன. அக்கோவிலை எழுப்பிய காணிக்கை எங்கிருந்து வந்தது? ஆலைச் சம்பளத்திலிருந்தும், கடைச் சம்பளத்திலிருந்தும், கொத்து வேலைக் கூலியிலிருந்தும் வந்தது. அந்தச் சம்பளத்தை இன்று மாதந்தோறும் உரிமையோடு கேட்டு வாங்குகிறோம். அந்த உரிமை யாரால், எப்போது, எவ்வாறு வந்தது என்பதை யூபிலி ஆண்டில் எண்ணிப் பார்ப்பது பொருத்தமானதே.

கைகளைக் கட்டிய சட்டம்

தொழிலாளர் சட்டம் என்றால் தொழிலாளிக்குத் துணை நிற்கும் சட்டம் என்றே இன்று பொருள் கொள்கிறோம். நம் நாட்டில் வந்த முதல் சட்டங்கள் அப்படிப்பட்டவை அல்ல.

1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம் வேலை ஒப்பந்தத்தை மீறும் தொழிலாளரைத் தண்டிப்பதற்காகவே இயற்றப்பட்டது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போய்விட்டால், முதலாளி மாஜிஸ்ட்ரேட்டிடம் முறையிடலாம். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலைக்குத் திரும்பு என்று உத்தரவாகும். அதற்குக் கீழ்ப்படியாதவனை மூன்று மாதம் வரை சிறையில் அடைக்கலாம். அதே முதலாளி பேசிய கூலியைக் கொடுக்காவிட்டால் அவரைச் சிறைக்கு அனுப்ப அச்சட்டத்தில் வழியில்லை. இரண்டு பேர் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஒருவர் மீறினால் வெறும் கடன். மற்றவர் மீறினால் குற்றம்!

முதலில் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மாநகரங்களுக்கென வந்த இச்சட்டம் பிற்பாடு மலைத்தோட்டங்களுக்கும் பரவியது. கங்காணியிடம் முன்பணம் வாங்கி மலையேறிய குடும்பங்கள் பட்ட பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம். அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடப்பில் இருந்த பின்னரே, 1925இல் இதை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது.

ஒரு நாளின் நீளம்

வேலை நேரத்தின் கதை வேறு. 1881இல் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. இயந்திர சக்தியில் இயங்கி, நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளையே அது தொட்டது. ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களிடம் நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. எட்டு வயதுப் பிள்ளை 9 மணி நேரம் உழைப்பதை அன்று சீர்திருத்தம் என்று கொண்டாடினார்கள். பெரியவர்களைப் பற்றி அச்சட்டம் வாய் திறக்கவில்லை.

இச்சட்டத்தின் பின்னால் இரக்கம் மட்டுமே இருந்தது என்று சொல்வதற்கில்லை. பம்பாய் ஆலைகள் மலிவான கூலியில் நெய்யும் துணி தங்கள் சந்தையைப் பறித்துவிடும் என்ற அச்சம் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலை முதலாளிகளுக்கு இருந்தது. அவர்களும் இந்திய ஆலைகளுக்குச் சட்டம் வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். வியாபாரக் கணக்கும் தர்மமும் ஒரே வண்டியில் ஏறி வருவது இவ்வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதே.

1891ஆம் ஆண்டு நம் சிந்தனைக்குரியது. அவ்வாண்டில்தான் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றிய தமது புகழ்பெற்ற சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் போதுமான கூலி வேண்டும், சங்கம் சேரும் உரிமை வேண்டும் என்று அவர் எடுத்துரைத்தார். அதே ஆண்டில் இந்தியத் தொழிற்சாலைச் சட்டமும் திருத்தப்பட்டது. பெண்களுக்கு நாளொன்றுக்கு 11 மணி நேர வரம்பும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும், நண்பகலில் அரைமணி ஓய்வும் அதில் இடம்பெற்றன. இதற்கு முந்திய ஆண்டே பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே என்பவரின் இடைவிடாத முயற்சியால் ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்திருந்தது.

நம் பக்கத்தில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் 1908இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா ஆகியோரின் வழிகாட்டுதலில் வேலைநிறுத்தம் செய்து, ஊதிய உயர்வையும் நேரக் குறைப்பையும் ஞாயிறு விடுமுறையையும் பெற்றனர். ஞாயிறு காலையில் நாம் கோவிலில் கூடுவதற்கு அந்த ஓய்வும் அல்லவா வேண்டியிருந்தது!

அதன்பின் கடிகாரம் மெல்ல நகர்ந்தது. 1911இல் பஞ்சாலைகளில் வயது வந்த ஆண்களுக்கு 12 மணி நேர வரம்பு வந்தது. 1922இல் வாரம் 60 மணி; 1934இல் 54 மணி; டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில் கொண்டுவரப்பட்ட 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 48 மணி. நாளுக்கு 12 மணியிலிருந்து 9 மணிக்கு இறங்கி வர 35 ஆண்டுகள் பிடித்தன.

இடையில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி ஒரு பாடம் கற்பித்தது. 1936 ஜூலை 30இல் அங்கே ஆலைத் தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டே, 1937 ஏப்ரலில், புதுச்சேரியில் எட்டு மணி நேர வேலைநாள் சட்டமாயிற்று. அப்போது சென்னை ஆலைகளில் வாரம் 54 மணி நேரம். ஒரே மொழி பேசி, ஒரே விதமான தறியில் நின்ற இரு தொழிலாளரின் நாள் வேறு வேறு நீளமாக இருந்தது. எல்லைக்கோட்டைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

பெரம்பூரில் நடந்தது

சென்னைப் பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் கதை இவ்வரலாற்றின் நடுப்பக்கம் எனலாம். பி அண்டு சி ஆலை என்று மக்கள் அழைத்த இடம் அதுவே. அங்கே தொழிலாளருக்கு மதிய உணவுக்கு அரைமணி நேரமே கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்து, கைகால் கழுவி, உண்டு, மீண்டும் உள்ளே போவதற்கு அது எம்மாத்திரம்? ஆனால் சட்டம் கேட்டதும் அரைமணியே. குறைந்தது இவ்வளவு என்று சட்டம் போட்ட கோடு, இதற்குமேல் இல்லை என்ற கோடாகிவிட்டது.

இக்குறையைச் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்னும் இருவர் எடுத்துச் சென்று பி. பி. வாடியாவிடம் முறையிட்டனர். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத் தலைவர்களுள் ஒருவர். இந்தியாவின் முறையான முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர் பலர் இதைக் குறிப்பிடுகின்றனர்.

1920இல் ஆலையில் தகராறு முற்றிக் கதவடைப்பு வந்தபோது, நிர்வாகம் வாடியா மீதும் சங்கத்தார் மீதும் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தொழிலாளரை ஒப்பந்தம் மீறத் தூண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. வழக்கு முடியுமுன் வாடியா தொழிற்சங்கப் பணியிலிருந்தே விலக நேர்ந்தது. சங்கம் வைப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. எனினும் எந்தச் சட்டமும் அதைக் காக்கவுமில்லை. காப்பில்லாத உரிமையின் கதி அதுதான்.

1921இல் மீண்டும் நீண்ட வேலைநிறுத்தம். இம்முறை சாதி வேற்றுமை தொழிலாளரைப் பிளந்தது. ஒரு சாரார் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. வேலைநிறுத்தமும் தோல்வியில் முடிந்தது. ஆலை வாசலில் ஒன்றாக நின்றவர்கள் சேரிக்கும் தெருவுக்கும் திரும்பியபோது வேறுபட்டு நின்றதால் வந்த இழப்பு அது. இப்பாடத்தை நாம் மறக்கலாகாது.

ஆனால் அந்த வழக்கு வீண்போகவில்லை. 1921இலேயே என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கங்களைப் பதிவு செய்து பாதுகாக்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அதன் பயனே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். பதிவு பெற்ற சங்கத்தின் பொறுப்பாளர் மீது, தொழில் தகராறில் ஈடுபட்டதற்காக மட்டும் அத்தகைய வழக்குத் தொடுக்க இயலாது என்று அது காப்பளித்தது. வேலையை விட்டவனைச் சிறைக்கு அனுப்பிய சட்டம் ஒழிந்ததும், சங்கம் சேர்ந்தவனைக் காக்கும் சட்டம் வந்ததும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்ந்தன. கைகளைக் கட்டிய சட்டம் கைகோக்க இடம் கொடுத்தது.

சம்பளமும் அபராதமும்

வேலை செய்தால் சம்பளம் வரும் என்பது நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. 1930களுக்கு முன் அப்படியில்லை. எந்த நாளில் சம்பளம் என்பதும், அதில் எவ்வளவு பிடிப்பது என்பதும் முதலாளியின் விருப்பம். தாமதத்துக்கு அபராதம், துணியில் பழுதுக்கு அபராதம், வாய் பேசினால் அபராதம்.

1929இல் நியமிக்கப்பட்ட விட்லி கமிஷன் நாடெங்கும் விசாரித்து 1931இல் தன் அறிக்கையை அளித்தது. அதையொட்டி வந்ததே 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம். ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் மாதம் முடிந்த ஏழாம் நாளுக்குள்ளும், மற்ற இடங்களில் பத்தாம் நாளுக்குள்ளும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அபராதம் ரூபாய்க்கு அரையணாவைத் தாண்டக் கூடாது. அந்தப் பணமும் முதலாளியின் பையில் சேராமல் தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும். மளிகைக் கடைப் பாக்கியையும் வீட்டு வாடகையையும் மாதத் தொடக்கத்தில் தீர்க்கும் வழக்கத்துக்கு இந்த ஏழாம் தேதி எவ்வளவு உதவியிருக்கிறது என்பதைக் குடும்பத் தலைவிகள் அறிவார்கள்.

விபத்தில் கையிழந்தவருக்கு நஷ்டஈடு 1923ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 1947இல் தொழில் தகராறுச் சட்டம், 1948இல் தொழிற்சாலைச் சட்டமும் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும், 1952இல் வருங்கால வைப்பு நிதி, 1961இல் நாடு முழுமைக்குமான பேறுகாலச் சட்டம், 1972இல் பணிக்கொடை என வரிசையாக வந்தன. 1976இல் கொத்தடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. லேவியர் ஆகமத்தின் யூபிலி விதியை நினைவூட்டும் சட்டம் அது.

முதலாளியின் பக்கம்

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி முடிப்பது நியாயமாகாது. நம் பங்கில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவரும், தையற்கூடம் நடத்துபவரும், ஜவுளிக் கடைக்காரரும் இருக்கிறார்கள். சட்டம் எங்களுக்குச் சுமை என்று அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு.

சட்டங்கள் எண்ணிக்கை வரம்போடு வருகின்றன. பத்துப் பேர், இருபது பேர், நூறு பேர் என்று ஒவ்வொரு படியிலும் புதிய பதிவேடு, புதிய படிவம், புதிய செலவு. ஆகவே பத்தொன்பதாவது ஆளோடு நிறுத்திக்கொள்ளும் எண்ணம் எழுகிறது. 1976இல் வந்த திருத்தம் 300 பேருக்கு மேற்பட்ட ஆலைகள் ஆட்குறைப்புக்கோ மூடுவதற்கோ அரசின் முன் அனுமதி பெற வேண்டும் என்றது. 1980களில் அவ்வரம்பு 100 ஆகக் குறைக்கப்பட்டது. இதனால் நிரந்தர ஆள் எடுக்கத் தயங்கி ஒப்பந்தத் தொழிலாளரை நாடும் வழக்கம் வளர்ந்தது என்பது தொழிலதிபர்களின் வாதம். அனுமதி இல்லாவிட்டால் ஒரே இரவில் ஆயிரம் அடுப்புகள் அணைந்துவிடும் என்பது சங்கங்களின் வாதம். இரண்டையும் தள்ளிவிட முடியாது.

தமிழ்நாட்டில் 1981இல் இயற்றப்பட்ட சட்டம், 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி கொடுக்க வேண்டும் என்றது. நல்ல நோக்கந்தான். எனினும் அந்த நாட்கணக்கு நிரம்புமுன் ஆளை நிறுத்திவிட்டுப் புதிய பெயரில் மீண்டும் எடுக்கும் தந்திரமும் கூடவே வந்தது. சட்டம் கதவைப் பூட்டினால் ஜன்னலைத் தேடுபவர் எக்காலத்திலும் உண்டு.

ஆயினும் சட்டம் நேர்மையான முதலாளிக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. ஒருவர் மட்டும் நல்ல கூலி கொடுத்து, குறைந்த நேரம் வேலை வாங்கினால், அடுத்த தெருவில் கசக்கிப் பிழிபவர் மலிவாக விற்று அவரைச் சந்தையிலிருந்து விரட்டிவிடுவார். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் நல்லவர் தம் நன்மையினால் நஷ்டப்பட வேண்டியதில்லை.

சுமையைப் பங்கிடும் வழியும் உண்டு. பேறுகாலச் சம்பளத்தைத் தனி முதலாளியே கொடுக்க வேண்டும் என்றால், பெண்களை வேலைக்கு எடுக்கவே அவர் யோசிப்பார். 2017இல் பேறுகால விடுப்பு 26 வாரமாக உயர்ந்தபோது இவ்வச்சம் பலராலும் பேசப்பட்டது. ஈ.எஸ்.ஐ. திட்டத்திலோ ஆண், பெண் என்று பாராமல் ஒவ்வொருவருக்காகவும் சிறு தொகை செலுத்தப்படுகிறது; பேறுகாலச் செலவைப் பொது நிதி ஏற்கிறது. 2019 ஜூலையில் இச்சந்தா முதலாளிக்கு 3.25 சதவீதம், தொழிலாளிக்கு 0.75 சதவீதம் என்று குறைக்கப்பட்டது. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும் ஏற்பாடு இது. நன்மரண சபைக்கு மாதச் சந்தா கட்டிப் பழகிய நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

அண்மைக் காலம்

மத்திய அரசின் 29 சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக்கப்பட்டு 2019, 2020ஆம் ஆண்டுகளில் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. 2025 நவம்பர் 21 முதல் அவை நடைமுறைக்கு வருவதாக அரசு அறிவித்தது. நாம் மேலே பார்த்த 1926, 1936, 1947, 1948ஆம் ஆண்டுச் சட்டங்கள் அனைத்தும் இத்தொகுப்புகளில் கரைந்தன. தொழிலாளி ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம், குறித்த காலத்துக்கென எடுக்கப்பட்டவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை ஆகியவை வரவேற்கத்தக்கவை. ஆட்குறைப்பு அனுமதிக்கான வரம்பு மீண்டும் 300 ஆனதும், வேலைநிறுத்தத்துக்கு முன் அறிவிப்பு எல்லாத் தொழில்களுக்கும் கட்டாயமானதும் சங்கங்களின் எதிர்ப்பைப் பெற்றுள்ளன.

தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் சட்டம் திருத்தப்பட்டு, கடை ஊழியர் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று விதிக்கப்பட்டது. காலை முதல் இரவு வரை நின்றே துணி விரித்துக் காட்டும் நம் பெண்பிள்ளைகளின் கால் வீக்கம் சட்டத்தின் கண்ணில் பட இத்தனை காலம் ஆயிற்று. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடம்தரும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, கடும் எதிர்ப்பு எழவே, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் முதல் மே தினத்தை 1923இல் சிங்காரவேலர் கொண்டாடிய அதே சென்னையில், சரியாக நூறு ஆண்டு கழித்து இது நடந்தது. பெற்ற உரிமையையும் காவல் காக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. ஒருகாலத்தில் மாநகரத்தையே எழுப்பிய சங்கொலி பி அண்டு சி ஆலையில் 1996இல் நின்றுபோனது. ஆலை போயிற்று, அங்கே பிறந்த உரிமை நாடெங்கும் நிற்கிறது.

நாம் செய்யக் கூடியது

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியது ஒன்று. சட்டத்தின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் இழந்த விரலோ, வேலையோ, உயிரோ இருக்கிறது. அந்த வரி ஏட்டில் இருந்தால் போதாது. நம் கையிலும் ஒரு தாளாக இருக்க வேண்டும். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பி.எப். எண், ஈ.எஸ்.ஐ. அட்டை ஆகியவற்றைத் திருமணச் சான்றிதழோடும் ஞானஸ்நானச் சான்றிதழோடும் சேர்த்துப் பத்திரமாக வைக்க வேண்டும். விபத்து நேர்ந்த அன்றோ, கதவடைத்த அன்றோ, பல ஆண்டு உழைப்புக்கு அத்தாட்சி அந்தத் தாள்களே.

மற்றொன்றையும் சொல்லி முடிக்கிறோம். நம்மில் பலர் காலையில் தொழிலாளி, மாலையில் முதலாளி. வீட்டு வேலைக்கு வரும் அம்மா, கடையில் நிற்கும் பையன், தோட்டத்துக்கு வரும் பெரியவர் ஆகியோர் நம்மிடம் கூலி வாங்குபவர்கள். வீட்டு வேலை செய்வோருக்கெனத் தமிழ்நாட்டில் 2007இல் நல வாரியம் அமைந்தது. அதில் தம் பெயரைப் பதிய வேண்டும் என்பதை அந்த அம்மாவுக்கு யார் சொல்வது? பங்கின் பள்ளியிலும் மருந்தகத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் பணி செய்வோரின் பெயர்கள் எல்லாம் பதிவேட்டில் இருக்கின்றனவா என்று நிதிக்குழு ஒருமுறை பார்ப்பது நல்லது. யாருடைய சம்பளமும் ஏழாம் தேதியைத் தாண்டவில்லை என்று நாம் சொல்லக் கூடுமானால், யூபிலி என்னும் சொல்லின் பழைய பொருளை இவ்வாண்டில் நாமும் காத்தவர்களாவோம்.